கொத்தவரை விதை மாவும் கடல் கடந்த வாணிகமும்

கொத்தவரங்காயை அறியாத தமிழ் இல்லம் இல்லை. பொரியலுக்கும் பருப்புசிலிக்கும் வற்றலுக்கும் ஆகும் அக்காயைப் பிஞ்சாக இருக்கும்போதே பறித்து விடுகிறோம். முற்றிவிட்டால் நாரும் கசப்பும் மிகுந்து விடுவதால், அதனை மாட்டுத் தொட்டியில் இடுகிறோம். அவ்வாறு நாம் கழித்து விடும் முற்றிய காயின் விதைதான் வடமேற்கு இந்தியாவின் மணற்பாங்கான மாவட்டங்களில் பெரும் பயிராக விளைந்து, மாவாக அரைக்கப்பட்டு, மூட்டை மூட்டையாகக் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றது.

'கொத்தவரை மாவுக்கு வெளிநாட்டில் நல்ல விலை உண்டாமே, நாமும் விதைக்கலாமா?' என்று உழவுத் தொழிலில் உள்ள அங்கத்தினர்கள் கேட்பது உண்டு. நெசவுத் தொழிலில் உள்ளோர்க்கும் இம்மாவு அயலானதன்று. அச்சுத் துணிக்குச் சாயப்பசை கூட்டுவோர் பலர் இதனையே கையாளுகின்றனர். ஆதலால் இம்மாவு எவ்வாறு உண்டாகிறது, எங்கே செல்கிறது, அதன் விலை ஏறியதும் இறங்கியதும் எக்காரணத்தால் என்பவற்றை இருசாராரும் அறிந்து கொள்ளுதல் நலம். அவற்றை அறிந்த பின்னரே மேற்கூறிய வினாவுக்கு விடை கூற இயலும்.

விதையின் அமைப்பு

கொத்தவரை, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. வடநாட்டில் இதனைக் 'குவார்' என்பர். ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் வறட்சியைத் தாங்கும். வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆகவே பின்வரும் பயிருக்கும் இதனால் பயன் உண்டு. ஆடி மாத மழையைக் கொண்டு விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுவடை செய்வது ராஜஸ்தானத்து வழக்கம். அங்கு மானாவாரியில் எக்டேருக்கு ஐந்து குவிண்டாலை ஒட்டியே விதை கிடைக்கும். விளைச்சல் சொற்பமாயினும், வேறு பயிர் எதுவும் நிலைக்காத மணலில் இது நிலைப்பதே இதன் சிறப்பு. உலகில் விளையும் கொத்தவரை விதையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவில் விளைகிறது. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானத்தில் விளைவதே. ஹரியானா, குஜராத், பஞ்சாப் ஆகிய மாநிலங்களும் அண்டை நாடாகிய பாகிஸ்தானும் அடுத்த நிலையில் உள்ளன. மாவாலைகள் மிகுந்த ஊர் ஜோத்பூர்.

துவரையையோ கடலையையோ உடைத்தால் இரண்டு பருப்புகள் கிடைக்கின்றன; அவையே நமக்கு உணவு. கொத்தவரை விதையின் அமைப்பு வேறு. மேலே மெல்லிய தோல். நடுவே மஞ்சள் நிறமான முளை. இவ்விரண்டிற்கும் இடையே, முளையை இரு கிண்ணங்கள் கவிந்து மூடினாற்போல, கண்ணாடித் தன்மை வாய்ந்த வெண்ணிறப் பகுதி ஒன்று உண்டு. வாணிகத்தில் விலை பெறுவது இவ்வெண்பகுதியே. விதையை ஆலையில் இட்டுப் பிளந்து, முளையைத் தனியே சலித்தெடுத்து, வெண்பகுதியை வறுத்துத் தோலை நீக்கினால் 'உடைப்பருப்பு' கிடைக்கும். அதனை நீரில் ஊறவைத்து, தட்டையாக நசுக்கி, அரைத்து, உலர்த்திச் சலித்தால் வெண்மையான மாவு உண்டாகும்.

நூறு கிலோ விதையில் முப்பது கிலோ அளவு உடைப்பருப்புக் கிடைக்கும். எஞ்சியது வீணன்று. முளைப்பகுதியாகிய 'கோர்மா'வில் ஏறத்தாழ சரிபாதி புரதம். தோல் மிகுந்த 'சூரி'யிலும் புரதம் உண்டு. இரண்டும் கால்நடைத் தீவனமாக விற்பனையாகின்றன. இத்தீவனத்தின் விலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனைக் குறித்து ஒரு கணக்குக் காட்டுவோம்.

மாவின் குணமும் பயனும்

அரிசி மாவையோ மைதாவையோ கஞ்சியாக்க அடுப்பு வேண்டும். கொத்தவரை மாவுக்கு அடுப்பு வேண்டா. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் மாவைக் கட்டிபடாமல் தூவிக் கலக்கினால், சிறிது நேரத்தில் அத்தண்ணீர் முழுவதும் குழகுழவென்று கெட்டிப்பட்டுவிடும். பச்சைத் தண்ணீரிலேயே இவ்வாறு இறுகும் பொருள்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் மலிவானது இது என்பதே இதன் வாணிகத்திற்கு வேர்.

ஐஸ்கிரீமில் பெரிய பனிக்கட்டி மணிகள் உண்டாகாமல் காப்பதற்கும், குழம்பு வகைகளைத் தடிப்பாக்குவதற்கும், ரொட்டி உலர்ந்து போகாமல் இருப்பதற்கும் இதனைச் சிறிதளவு சேர்க்கின்றனர். ஐரோப்பிய உணவுப் பொட்டலங்களில் 'இ 412' என்று குறித்திருப்பது இம்மாவையே. காகித ஆலைகளும் சுரங்கங்களும் மருந்து செய்வோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

நெசவாளர்க்குத் தெரிந்த பயன், அச்சிடும் பசை. சாயத்தை வெறுந்தண்ணீரில் கரைத்துத் துணியில் அச்சிட்டால் அது பரவிக் கோடு கலைந்துவிடும். பசை கூட்டினால் சாயம் இட்ட இடத்தில் நிற்கும். பாலியஸ்டர்த் துணிக்கு இடும் சாயங்களுக்கும், பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்ற அமிலச் சாயங்களுக்கும் கொத்தவரைப் பசை ஏற்றது. ஆனால் பருத்தி நூலோடு ரசாயனமாக இணையும் ரியாக்டிவ் சாயங்களுக்கு இது பொருந்தாது. அச்சாயம் நூலோடு இணைவது போலவே பசையோடும் இணைந்து விடும். துணி விறைத்து, நிறமும் குன்றும். அவற்றிற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பசையே தக்கது.

வாணிகம் வளர்ந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இந்தியாவில் கொத்தவரை காய்கறியாகவும், மாட்டுத் தீவனமாகவும், பசுந்தாள் உரமாகவுமே இருந்தது. 1903-ஆம் ஆண்டு இச்செடி அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கும் நெடுங்காலம் அது தீவனப் பயிராகவே இருந்தது.

அக்காலத்தில் காகித ஆலைகளும் துணி ஆலைகளும் மத்தியதரைக் கடற்கரையில் வளரும் காரோப் மரத்தின் விதை மாவையே பசைக்கு நம்பியிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அம்மாவின் வரத்துக் குன்றிற்று. மாற்றுப் பொருள் தேடிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கொத்தவரை விதையில் அதே குணம் இருப்பதைக் கண்டனர். காரோப் மாவுக்கு வெந்நீர் வேண்டும். கொத்தவரை மாவுக்குத் தண்ணீரே போதும். காரோப் மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கொத்தவரையோ மூன்று நான்கு மாதப் பயிர். ஆகவே போர் முடிந்த பின்னரும் கொத்தவரை மாவு தன் இடத்தை இழக்கவில்லை. தேவை வளர வளர, அதனை மிகுதியாக விளைவித்த இந்தியாவின்பால் வாணிகர்கள் திரும்பினர்.

இவ்வரலாற்றில் உழவர்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பொருளின் வரத்துக் குன்றியபோது மற்றொரு பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. காரோப் மாவுக்கு நேர்ந்தது கொத்தவரைக்கும் நேராது என்று சொல்வதற்கில்லை. அது நேர்ந்த விதத்தை இனிக் காண்போம்.

இரண்டாண்டு ஏற்றம்

அமெரிக்காவில் பூமிக்கடியில் ஆழத்தில் உள்ள ஒருவகை இறுகிய பாறையில் எண்ணெயும் எரிவாயுவும் சிக்கிக் கிடக்கின்றன. பாறையில் துளையிட்டு, மிகுந்த அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால் பாறை விரியும். விரிந்த வெடிப்பு மீண்டும் மூடிக்கொள்ளாமல் இருக்க, தண்ணீரோடு மணலையும் அனுப்ப வேண்டும். வெறுந்தண்ணீரில் மணல் அடியில் படிந்துவிடும். கொத்தவரை மாவு கலந்த தண்ணீரில் அது மிதந்தவாறே வெடிப்பின் உட்புறம் வரை செல்லும். போரான் உப்புச் சேர்த்தால் பசை மேலும் இறுகும். வேலை முடிந்ததும் வேறொரு மருந்தால் பசையை நீர்க்கச் செய்து வெளியேற்றி விடுவர். கிணறு ஒன்றுக்கே பல டன் மாவு செலவாகும்.

2010-க்குப் பின் அமெரிக்காவில் இத்தகைய கிணறுகள் விரைவாகப் பெருகின. தேவை திடீரென்று உயர்ந்தது. விளைச்சலோ மழையை நம்பியது. இந்தியாவின் ஏற்றுமதிக் கணக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 2011-12-இல் ஏறத்தாழ 7 லட்சத்து 7 ஆயிரம் டன் கொத்தவரைப் பசைப்பொருள் ஏற்றுமதியாகி, சுமார் ரூ. 16,500 கோடி கிடைத்தது. அடுத்த ஆண்டாகிய 2012-13-இல் ஏற்றுமதி 4 லட்சத்து 6 ஆயிரம் டன்னாகக் குறைந்தது, பணமோ ரூ. 21,200 கோடிக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டில் பாஸ்மதி அரிசியையும் இது விஞ்சிற்று. சராசரியாகக் கணக்கிட்டால் முதல் ஆண்டில் கிலோ ஒன்றுக்கு ரூ. 234-உம், இரண்டாம் ஆண்டில் ரூ. 524-உம் ஆகின்றன.

விதையின் விலையும் அவ்வாறே உயர்ந்தது. ஏற்றத்திற்கு முன்பு குவிண்டால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் என்ற அளவில் விற்ற விதை, 2012 மார்ச்சு மாதத்தில் முப்பதாயிரத்தையும் கடந்தது. தேவையோடு, முன்பேர வாணிகத்தில் ஈடுபட்டோரின் ஊகமும் சேர்ந்து கொண்டது. அம்மாதத்திலேயே முன்பேரச் சந்தைக் கமிஷன் கொத்தவரை விதையிலும் மாவிலும் முன்பேர வாணிகத்தை நிறுத்தி வைத்தது. 2013 மே மாதத்தில்தான் அது மீண்டும் தொடங்கிற்று.

இங்கு மாதக் கணக்கைச் சற்று நோக்குதல் வேண்டும். அறுவடை ஐப்பசி கார்த்திகையில். உச்ச விலை பங்குனியில். விதையைச் சேமித்து வைக்க இடமும், அதுவரை குடும்பம் நடத்தப் பணமும் உள்ளவர் உச்ச விலையைக் கண்டனர். களத்திலேயே விற்றுக் கடனை அடைக்க வேண்டியவர், தாம் விற்ற விதை ஐந்து மாதம் கழித்துப் பல மடங்கு விலை பெற்றதைச் செய்தித்தாளில் படித்தனர். விளைவித்தவர் ஒருவர், ஏற்றத்தின் பயனைக் கொண்டவர் மற்றொருவர் என்றாயிற்று.

இறக்கம்

உச்ச விலையைக் கேட்டவர்கள் அடுத்த பருவத்தில் கொத்தவரையையே விதைத்தனர். ராஜஸ்தானத்தில் பரப்புப் பெருகிற்று. அதுவரை இப்பயிரை விதைக்காக வளர்த்திராத ஆந்திரத்து உழவர்களும் முயன்று பார்த்தனர். விதைப்புக்கு வாங்கிய விதையின் விலையும் உச்சத்திலேயே இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள் மாற்று வழி தேடின. விலை மேலும் உயரும் என்று அஞ்சி மாவை மிகுதியாக வாங்கிச் சேமித்தவை சில. கொத்தவரையின்றியே மணலைக் கொண்டு செல்லும் செயற்கைப் பொருள்களை நாடியவை பல. பின்னர், 2014-இன் நடுப்பகுதியில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெயின் விலை, 2016 சனவரியில் முப்பது டாலருக்கும் கீழே சென்றது. எண்ணெய் விலை வீழ்ந்ததும் புதிய கிணறுகள் நின்றன. கிணறுகள் நின்றதும் மாவு கேட்பாரற்றுப் போயிற்று.

2013-14-இல் 6 லட்சத்து 2 ஆயிரம் டன்னுக்குச் சுமார் ரூ. 11,700 கோடி, 2014-15-இல் 6 லட்சத்து 65 ஆயிரம் டன்னுக்குச் சுமார் ரூ. 9,500 கோடி, 2015-16-இல் 3 லட்சத்து 25 ஆயிரம் டன்னுக்குச் சுமார் ரூ. 3,200 கோடி. மூன்றே ஆண்டுகளில் கிலோ ரூ. 524 என்ற சராசரி ரூ. 100 ஆகிவிட்டது. விதை குவிண்டால் ஒன்று மூவாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. அதன் பின்னர் வாணிகம் அடியோடு அழிந்துவிடவில்லை. 2023-24-இல் 4 லட்சத்து 17 ஆயிரம் டன் ஏற்றுமதியாகிச் சுமார் ரூ. 4,500 கோடி கிடைத்தது. இது நிதானமான வாணிகம். ஆனால் 2012-ஐ நினைத்து விதைப்போருக்கு ஏமாற்றமே.

இப்போது முன்பு கூறிய தீவனக் கணக்கிற்கு வருவோம். ஒரு கிலோ மாவுக்கு மூன்றே கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விதை வேண்டும். விதை குவிண்டால் ரூ. 3,000 எனில், அவ்விதையின் விலை ஏறத்தாழ ரூ. 100. ஏற்றுமதி மாவின் சராசரி விலையும் அந்த ஆண்டில் ரூ. 100. அப்படியானால் ஆலைக்காரரின் கூலியும் ஆதாயமும் எங்கிருந்து வருகின்றன? எஞ்சிய இரண்டே கால் கிலோ கோர்மாவிலிருந்தும் சூரியிலிருந்தும் வருகின்றன. விதையை மட்டும் விற்கும் உழவர், மாவின் ஏற்றத்தோடு தீவனத்தின் விலையையும் சேர்த்தே கைவிடுகிறார் என்பது இதனால் விளங்கும்.

நெசவாளரின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். உழவருக்கு விலை ஏறிய அவ்விரண்டு ஆண்டுகளில் அச்சுத் தொழிலாளருக்குப் பசை எட்டாப் பொருளாயிற்று. புளியங்கொட்டை மாவு முதலிய வேறு பசைகளை அவர்கள் நாட வேண்டியதாயிற்று. ஒருமுறை கைமாறிப் பழகிய வாடிக்கை முழுவதும் திரும்பி வருவதில்லை. அளவு கடந்த விலை ஏற்றம், வாங்குவோரை விரட்டி, இறுதியில் விற்போரையும் தாக்கும் என்பதற்கு இது சான்று.

தூய்மையும் நன்மதிப்பும்

விலையினும் நுட்பமானது தூய்மை. முழுத் தானியத்தில் கல்லும் சொத்தையும் கலப்பும் கண்ணுக்குத் தெரியும். மாவில் எதுவும் தெரியாது. மாவு வாணிகம் முழுவதும் பரிசோதனையின்மீதும் நம்பிக்கையின்மீதும் நிற்கிறது.

2007-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில், இந்தியாவிலிருந்து சென்ற கொத்தவரை மாவில் டையாக்ஸின் என்னும் நச்சுப்பொருளும், பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சண மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டன. பசைப்பொருள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலைப் பயனுக்காக இம்மருந்தைச் சேர்ப்பது வழக்கம். உணவுக்குரிய மாவிலும் அது காணப்பட்டதே கேடாயிற்று. ஐரோப்பாவில் பல நாடுகளில் உணவுப் பொருள்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2008-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு தனி ஆணையே பிறப்பித்தது. இந்தியாவிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்கோடும் பரிசோதனை அறிக்கையும் அரசாங்கச் சான்றும் வேண்டும் என்றும், அம்மருந்து கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்றும் அவ்வாணை விதித்தது. தவறு செய்தவர் சிலராக இருப்பினும், சோதனைச் செலவும் காலதாமதமும் எல்லா ஏற்றுமதியாளர் தலையிலும் விழுந்தன.

உணவுக்கும் தொழிலுக்கும் ஒரே பொருள் செல்லுமிடத்தில், இரண்டையும் ஒரே கிடங்கில், ஒரே ஆலையில், ஒரே சாக்கில் கையாளுதல் கூடாது என்பதே இந்நிகழ்ச்சியின் பாடம். பூச்சிமருந்து டப்பாவையும் விதை மூட்டையையும் ஓர் அறையில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதனையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலைமாவு காட்டும் வேறுபாடு

பயறு வகை மாவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கடலைமாவு. இந்தியர் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் இது செல்கிறது. உலகச் சுங்க அட்டவணையில் உலர்ந்த பயறுகளின் மாவு 1106 என்னும் தலைப்பின் கீழ் வருகிறது. கொத்தவரைப் பசைப்பொருளோ 1302 என்னும் தலைப்பில் பசைகளோடு சேர்க்கப்பட்டுள்ளது. இது வெறும் எண் வேறுபாடன்று. ஒன்று மக்களின் உணவு. மற்றொன்று தொழிலுக்கான மூலப்பொருள். அரசாங்கம் இவ்விரண்டையும் நடத்தும் முறையும் அதற்கேற்ப வேறுபடும்.

பயறு உற்பத்தியிலும், உண்பதிலும், இறக்குமதியிலும் உலகில் முதலிடம் வகிக்கும் நாடு இந்தியா. உள்நாட்டில் விலை ஏறினால் ஏற்றுமதி தடுக்கப்படும். 2006 சூன் மாதத்தில் பயறு ஏற்றுமதிக்கு விதித்த தடை, காபூலிக் கடலை போன்ற சிலவற்றுக்கு விலக்களித்து, 2017 நவம்பர் வரை நீடித்தது. அதற்கு ஈடாக, கடலை, துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. கொத்தவரைக்கு அத்தகைய தடை இல்லை. ஆதரவு விலையும் இல்லை. ஏறும்போது கை கட்டுவாரும் இல்லை. விழும்போது தாங்குவாரும் இல்லை.

தூய்மை பற்றிக் கூறியது கடலைமாவுக்கும் பொருந்தும். தோல் நீக்கிய கடலையை அரைத்ததே கடலைமாவு. நிறமோ வேறு பொருளோ சேர்த்தலாகாது என்பது நாட்டின் உணவுச் சட்ட விதி. எனினும் விலை குறைந்த பட்டாணி மாவையும், கேசரிப் பருப்பு மாவையும் கலப்போர் உண்டு. கேசரிப் பருப்பை நெடுநாள் மிகுதியாக உண்டால் கால்கள் செயலிழக்கும் நோய் வரும் என்பதால், 1961-இல் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. சிறிது மாவில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, கொதிநீரில் கால் மணி நேரம் வைத்தால், இளஞ்சிவப்பு நிறம் தோன்றுவது அக்கலப்புக்கு அடையாளம். சங்கக் கிடங்கிலேயே, தக்க எச்சரிக்கையோடு, இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

நாம் கொள்ள வேண்டியவை

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கொத்தவரை நல்ல பயிர், மண்ணுக்கும் உகந்தது. ஆனால் வெளிநாட்டு விலை ஒன்றையே நோக்கி, அருகில் ஆலை இல்லாத ஊரில், நிலம் முழுவதையும் அதற்கு ஒதுக்குதல் தகாது. நம் காய்கறி வகைகளும் விதைக்கெனத் தேர்ந்த வகைகளும் வெவ்வேறு. விதை வகை விளைந்தாலும் அதனைப் பிளக்கும் ஆலைக்குப் பெருந்தூரம் அனுப்ப நேர்ந்தால், வண்டிக் கூலியே ஆதாயத்தைத் தின்றுவிடும். மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் இதற்கு விடுத்து, மீதியில் ஆதரவு விலை உள்ள பயறையும் சிறுதானியத்தையும் விதைப்பதே அறிவுடைமை.

தனி உழவரால் இயலாதவற்றைச் சங்கம் செய்ய இயலும். அவற்றுள் முதன்மையானது சேமிப்பு. 2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டப்படி பதிவு பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்தால், அதற்குரிய ரசீதின்பேரில் வங்கியில் கடன் பெறலாம். அறுவடையன்று விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி இதனால் தணியும். 2012 பங்குனியில் பயன் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இருந்த வேறுபாடு, காத்திருக்கும் வலிமை ஒன்றே என்பதை மறக்கலாகாது. எனினும் எல்லாவற்றையும் தேக்கி வைப்பதும் சூதாட்டமே. ஒரு பங்கை உடனே விற்று, மறு பங்கை வைத்திருத்தல் நன்று.

அடுத்தது, பதன் செய்தல். எப்பயறாயினும் அதனைப் பருப்பாகவும் மாவாகவும் ஆக்கும் வேலை சங்கத்தின் கையில் இருந்தால், தோலும் குருணையும் அங்கத்தினரின் மாட்டுக் கொட்டிலுக்கே திரும்பும். ஏற்றுமதியில் உடனே இறங்க வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் கலப்பற்ற மாவு என்று பெயர் பெற்ற சங்கமே பின்னர் கடல் கடந்து விற்கத் தகுதி பெறும். அந்நிலை வந்தால், கூட்டுறவு அமைப்புகளின் பொருள்களை வெளிநாட்டில் விற்பதற்கென 2023-இல் பதிவு செய்யப்பட்ட தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தை நாடலாம்.

இறுதியாக, உழவர்க்கும் நெசவாளர்க்கும் பொதுவான ஒன்று. மாவு விலை ஏறியபோது ஒருசாரார் மகிழ, மறுசாரார் வாடினர். இறங்கியபோது அது மாறிற்று. உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் பருவத்திற்கு முன்பே நேரில் பேசி, இவ்வளவு பசைப்பொருள் இன்ன விலைக்கு என்று ஓர் உடன்பாடு செய்து கொண்டால், இருவர்க்கும் நிதானமான விலை கிடைக்கும். அமெரிக்கப் பாறையில் எத்தனை துளை இடுகிறார்கள் என்பதை நாம் தீர்மானிக்க இயலாது. நம் கிடங்கின் சாவியும், நம் மாவின் தூய்மையும், நம் இரு தொழில்களின் உறவும் நம் கையில் உள்ளவை. அவற்றைப் பேணிய பின்னர் கொத்தவரையை விதைத்தாலும் நன்றே. உளுந்தை விதைத்தாலும் நன்றே.